உங்களுக்குத் தெரியுமா? கொட்டகைக்கு அடியில் ஒரு குடித்தனம்

தோட்டத்துச் சாமான் கொட்டகை, கோழிக்கூடு, துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி மேடை, துளசி மாடம், பின்வாசல் படிக்கட்டு. வாடகை இல்லாமல் இவற்றின் அடியில் குடியேறும் எலிகளைப் பற்றியும், அவற்றை உள்ளே விடாமல் இருப்பது பற்றியும் சில துணுக்குகள்.

● நன்கு வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோவைத் தொடும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஏறக்குறைய ஓர் அடி. வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். நெருங்கினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். இதற்குச் சின்னத் தம்பி ஒன்று உண்டு: வயலிலும் வரப்பிலும் வீட்டுத் தோட்டத்திலும் திரியும் சின்னப் பெருச்சாளி. எடை கால் கிலோ சுமார்தான். ஆனால் மண் பறிப்பதில் அண்ணனுக்குச் சளைத்ததல்ல. நெல் விவசாயிகளிடம் கேட்டால் பெரியதைவிடச் சின்னதைத்தான் அதிகம் திட்டுவார்கள்.

● 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று யார் முதலில் சொன்னார்களோ, அவர்கள் வரப்பு ஓரத்தில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். சின்னப் பெருச்சாளி உண்மையிலேயே தனிக்குடித்தனக்காரர். குட்டிகளோடு இருக்கும் தாயைத் தவிர, ஒரு வளைக்கு வளர்ந்த எலி ஒன்று என்பதே பொதுவான கணக்கு. கொட்டகையைச் சுற்றி நாலு வாய் தெரிந்தால் நாலு எலி என்று பதற வேண்டாம். ஒரே வளைக்குப் பல வாய்கள் இருக்கும்; அவற்றில் சிலவற்றை எலியே மண் போட்டு மூடி வைத்திருக்கும். ஆபத்து வந்தால் அந்த மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவிடும்.

● அந்த வளைக்குள் களஞ்சியமும் உண்டு. அறுவடைக் காலத்தில் கதிர்களைக் கத்தரித்து இழுத்துப் போய் அறைகளில் அடுக்கிவைக்கும். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்து இருளர்கள் எலி பிடிக்கும்போது அந்த நெல்லையும் தோண்டி எடுப்பது பழைய வழக்கம். ஒரு பக்கம் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, பானையின் வாயை வளையில் பொருத்தி, துளை வழியாக ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். வாயால் ஊதுகிறவர்களுக்குக் கையும் முகமும் சுடும்; நெஞ்சுக்குள் புகை போகும். கையால் சுற்றும் இரும்புப் புகைக்கருவி வந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது.

கதிர் சேர்க்கும் எலியைக் கவனித்தவர்களில் ஓர் அரசரும் உண்டு. புறநானூற்றின் 190-ஆம் பாடலில் சோழன் நல்லுருத்திரன், வளையில் கதிரைப் பதுக்கும் எலியைப் போன்ற முயற்சியுடையவர் நட்பு வேண்டாம், பசித்தாலும் மானம் பார்க்கும் புலி போன்றவர் நட்பே வேண்டும் என்கிறார். எலியின் உழைப்புக்கு இலக்கியத்தில் கிடைத்த சான்றிதழ் அவ்வளவுதான்.

● எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் கடினமான எனாமல். அதில் இரும்புச் சத்து சேர்ந்திருப்பதால்தான் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரிகிறது. பின்பக்கம் அதைவிட மென்மை. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் முதலில் தேய்ந்து, முன்விளிம்பு உளிபோல் கூராகவே நிற்கும். அலுமினியத் தகடு, ஈயக் குழாய், பிளாஸ்டிக், மரம், சிமென்ட் குறைத்துப் போட்ட கலவை எதுவும் இதன்முன் நிற்காது. கெட்டியான இரும்பும் நல்ல கான்கிரீட்டும் நிற்கும்.

● முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே எலிக்குப் பெரிய இடைவெளி உண்டு. அந்த இடத்தில் கன்னத்தை உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும். வாயில் மண் போகாமல் பல்லாலேயே தோண்டலாம்.

● சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். வீட்டு எலிக்கு 12 மி.மீ. தலை போனால் உடம்பு போய்விடும். கொட்டகைக் கதவுக்கு அடியில் உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

● கட்டடத்துக்கு அடியில் ஏன் வருகிறது? மேலே கூரை, பக்கத்தில் சுவர், நனையாத மண் என்று பல காரணங்கள். எலிக்குக் கண் சுமார்தான். மீசை சுவரில் உரச உரச நடப்பதே அதற்கு நிம்மதி. எனவே சுவரும் தரையும் சேரும் மூலைதான் அதன் ராஜபாட்டை. ஆனால் நம் ஊர்க் கட்டுமானத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பேஸ்மட்டத்துக்கு உள்ளே நாம் கொட்டும் மணல்.

சின்னக் கொட்டகைதானே என்று நாலு பக்கமும் ஒற்றைக்கல் சுவர் எழுப்பி, நடுவில் மணலோ கிராவலோ கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்காமல், திமிசு போடாமல், மேலே இரண்டு அங்குலக் கலவையைப் பரப்பிவிடுவார்கள். சில மாதங்களில் மணல் அமர்ந்து, தளத்துக்குக் கீழே விரல் கனத்துக்கு வெற்றிடம் உண்டாகிவிடும். தோண்டச் சுலபமான மண், உடையாத கூரை, நடுவில் ஒரு காலி அறை. எலி வந்து பார்த்தால் வேலையில் பாதி முடிந்திருக்கும். அது மீதி மணலையும் பறித்து வெளியே தள்ளத் தள்ள, ஒருநாள் தரையைத் தட்டினால் டொக் டொக்கென்று கேட்கும். பிறகு விரிசல். எலி வந்ததால் தளம் அமர்ந்தது என்று கொத்தனார் சொல்வார். தளம் சரியாகப் போடாததால்தான் எலி வந்தது என்பது என் கட்சி.

● ஓர் எலியைப் பிடித்துவிட்டால் கதை முடிந்ததா? வளை அப்படியே இருக்கும்வரை முடியாது. தோண்டி முடித்த வீடு காலியாக இருந்தால், அக்கம்பக்கத்து எலி வந்து குடியேறிவிடும். வருஷாவருஷம் பொறி வைக்கிறோமே, தீரவில்லையே என்பவர்கள் எலியைப் பிடிக்கிறார்கள். இடத்தை மட்டும் மாற்றுவதில்லை.

● இடத்தை மாற்றச் சிறந்த வழி கம்பி வலை. போடுகிற விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுவரை ஒட்டி ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து வலையை நேராக இறக்குவார்கள். பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். எலி வலைக்குக் கீழே போய் மேலே வந்துவிடும். சரியான முறையில், வலை அடியில் வெளிப்பக்கமாக இன்னும் ஓர் அடி மடிந்து கிடக்க வேண்டும். பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் 'ட' எழுத்து. எலி சுவரோரம் தோண்டும், படுத்திருக்கும் வலையில் முட்டும், கொஞ்சம் நகர்ந்து மறுபடி தோண்டும், மறுபடி வலை. ஓர் அடி பின்னால் போய் அங்கிருந்து தொடங்கலாமே என்பது அதற்குப் பொதுவாகத் தோன்றுவதில்லை.

கடையில் கேட்க வேண்டியது கால் அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ். அறுகோணக் கண் உள்ள கோழி வலையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே வைக்கச் செய்தது, எலியை வெளியே வைக்க அல்ல. கம்பி மெல்லியது, கடித்துவிடும். சுண்டெலி கடிக்காமலேயே கண் வழியாகப் போய்விடும். வலையின் மேல்விளிம்பைச் சுவரில் பூச்சுக் கலவையோடு சேர்த்துப் பதிக்க வேண்டும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் அரை அடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். கடலோர ஊர்களில் உப்பு மண் ஜி.ஐ. கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும்; அங்கே கூடுதல் விலை கொடுத்துத் துருப்பிடிக்காத எஃகு வலை போடுவதே லாபம்.

● ஏற்கெனவே நிற்கிற கொட்டகைக்கும் இதைச் செய்யலாம், பக்கத்துக்குப் பக்கமாக. வேரும் பாறையுமாகத் தோண்டவே முடியாத இடமென்றால் வலையைத் தரைமேலேயே இரண்டு அடி அகலத்துக்குப் படுக்க வைத்து, சுவரோரம் நன்றாகப் பிணைத்து, மேலே முக்கால் ஜல்லியைக் கொட்டிவிடுங்கள். அழகு சுமார். வேலை செய்யும்.

● வலைக்குப் பதில் கான்கிரீட் என்றால், இரண்டு அடி ஆழத் திரைச்சுவர், அதன் அடியில் வெளிப்பக்கமாக ஓர் அடி நீட்சி. மறுபடி 'ட'. தானியக் கிடங்குகளுக்குச் சொல்லப்படும் பழைய அளவு இது. துவைக்கிற கல்லுக்கு இவ்வளவு தேவையில்லை.

● மண் குறைந்தால் வளையும் குறையும். வயலில் இதை வைத்தே எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். வரப்பு 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் செதுக்கி வைக்கச் சொல்வது வேளாண் துறையின் நெடுநாள் பரிந்துரை. அகன்ற வரப்பில் வளை, ஒல்லி வரப்பில் இல்லை. தோட்டத்தில் கொட்டகைச் சுவரோடு ஒட்டிக் குவித்து வைத்திருக்கும் மண்மேடும் செங்கல் அடுக்கும் அகன்ற வரப்புதான்.

● உயரத்தில் வைத்தால் வளையே வேண்டியதில்லை. நெல் கொட்டும் மரப் பத்தாயத்துக்குக் கால் வைத்தது காற்றோட்டத்துக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தின் பழைய களஞ்சியங்கள் காளான் வடிவக் கல்தூண்கள்மேல் நிற்கும். தூணில் ஏறும் எலி, குடைபோல் விரிந்த மேற்கல்லின் அடியில் தலைகீழாக நடக்க முடியாமல் திரும்பிவிடும். கோழிக்கூட்டையும் விறகு அடுக்கையும் ஒன்றரை அடி உயர்த்தினால் அடியில் வெளிச்சம் புகும், துடைப்பம் புகும், நாய் புகும். மூன்றுமே எலிக்குப் பிடிக்காது.

● உள்ளே எலி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் வாயை அடைப்பது வீண் வேலை. அடைபட்ட எலி இன்னொரு வாய் திறக்கும். இல்லையென்றால் உள்ளேயே செத்து ஒரு வாரத்துக்கு வீட்டாரைத் துரத்தும். எளிய சோதனை: மாலையில் எல்லா வாய்களிலும் தளர்வாக மண்ணைத் தள்ளியோ பழைய செய்தித்தாளைக் கசக்கியோ அடைத்து வைக்க வேண்டும். காலையில் எது திறந்திருக்கிறதோ அதுவே புழக்கத்தில் உள்ள வாசல். பொறி வைக்க வேண்டிய இடமும் அதுவே. பல இரவுகள் எதுவுமே திறக்கவில்லை என்றால் தாராளமாக மண் நிரப்பி, இறுக்கி, வலை போடலாம்.

● அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே வேலையைச் செய்வது கிரவுண்ட்ஹாக் என்ற பெரிய அணில் இனத்துப் பிராணி. தோட்டக் கொட்டகையின் அடிப்பகுதி என்றால் அதற்கு உயிர். ஆண்டுதோறும் பிப்ரவரி 2-ஆம் தேதி பென்சில்வேனியாவின் பங்சடோனி ஊரில் அதை வெளியே எடுத்துக் காட்டி, குளிர்காலம் நீளுமா என்று குறி கேட்பார்கள், 1887-லிருந்து நடக்கிறது. மற்ற நாட்களில் அதே பிராணியை வெளியேற்ற ஒருவழிக் கதவு வாங்குகிறார்கள்! சுற்றிலும் வலை போட்டுவிட்டு, ஒரே வாயில் வெளியே மட்டும் திறக்கும் தகரக் கதவைப் பொருத்துவார்கள். போகும், திரும்ப முடியாது. உள்ளே குட்டி இருக்கும் காலத்தில் மட்டும் இது கூடாது. தாய் வெளியே, குட்டி உள்ளே என்று ஆகிவிடும்.

நாமும் இதில் ஒன்றும் குறைந்தவர்களில்லை. முன்னறையில் பிள்ளையாருக்கு எதிரே மூஷிகத்துக்கும் ஒரு பூ. பின்கட்டில் மசால் வடை வைத்த பொறி.

● எலியால் வாந்தி எடுக்க முடியாது. கேட்பதற்கு விஷம் வைக்க வசதியான உடலமைப்பு. நடப்பில் தலைகீழ்: வெளியே தள்ள முடியாத பிராணி என்பதால் உள்ளே தள்ளும்போதே எச்சரிக்கை. புதிய தீனியை முதலில் துளி தின்று, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி தொடாது.

இந்தச் சந்தேகப் புத்தியைத் தாண்ட வந்ததுதான் மெதுவாகக் கொல்லும் மருந்து. 1948-ல் அமெரிக்காவில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த வார்ஃபாரின் இரத்தத்தை உறையவிடாது. எலி சாக நாளாகும் என்பதால் எதைத் தின்றதால் இப்படி என்று அதற்குத் தெரியாது. அதே மருந்து பிறகு மனிதர்களுக்கும் இரத்தக்கட்டியைத் தடுக்கும் மாத்திரையானது. 1955-ல் மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்குக் கொடுத்தார்கள். எலிகள் சும்மா இருக்குமா? 1958-லேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபாரினுக்கு அசையாத எலிகள் தென்பட்டன. இன்று நம் கடைகளில் கிடைக்கும் புரோமடியோலோன் கட்டிகள் அடுத்த தலைமுறைச் சரக்கு. அவற்றைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் கூகைக்குள்ளும் அந்த விஷம் போகும்.

மஞ்சள் பாஸ்பரஸ் பசை வேறு ரகம். கல்லீரலை அழிக்கும், மனிதர் வயிற்றுக்குள் போனால் முறிமருந்து கிடையாது. வளைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவைக் கக்கும். தோட்டத்து வளை எங்கே போய் முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? சில சமயம் படுக்கையறைத் தளத்துக்குக் கீழே. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் உயிரிழந்தது செய்தித்தாள்களில் வந்தது. வீட்டை ஒட்டிய கொட்டகைக்கு ரசாயனம் கடைசி வழி. என்னைக் கேட்டால் அந்த வழியும் வேண்டாம்.

● காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டுவதாகச் சொல்லும் பிளக் கருவிகள்? 2001-லேயே அமெரிக்க வணிக ஆணையம், ஆதாரமில்லாமல் அப்படி விளம்பரம் செய்யாதீர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்த ஒலி சுவரையே தாண்டாது. மண்ணுக்குள் எங்கே போகப்போகிறது!

● 'பூனை வளர்த்தால் போதும்' என்பவர்களுக்கு: நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் தெருப் பூனைகளும் எலிகளும் சேர்ந்து வாழ்ந்ததை 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: பூனைகள் கொன்ற எலிகள் இரண்டு. பூனை இருக்கும் நாட்களில் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது, அவ்வளவே. அவை நம் ஊர்ப் பெருச்சாளியைவிடச் சிறிய எலிகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

● இரவில் வயலில் எலி பிடிக்கும் கூகைக்கு வசதியாகப் பயிர் நடுவே 'டி' வடிவக் கம்பு நடுவது நம் உழவர்கள் அறிந்த உத்தி. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டியே கட்டி மாட்டுகிறார்கள். பெரிய தோட்டம் இருப்பவர்கள் செய்து பார்க்கலாம். விஷம் வைக்காதவர்கள் மட்டும்.

● பாம்பு தானாக வளை பறிப்பது அபூர்வம். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்கிறோம். எலி வளைக்கும் அதே கதிதான். எலியும் அங்கேயே, இடமும் அங்கேயே. 2023-ல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள், பாம்பு பிடிப்பவர்கள். அவர்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் நமக்கில்லை. எனவே எந்த வளையிலும் கையை விடாதீர்கள். நீளக் குச்சியும் டார்ச்சும் போதும்.

● வளை மண்ணை வெறுங்காலோடு மிதித்துச் சரிசெய்வதும் தவறு. எலியின் சிறுநீர் வழியாக ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் சேரும் லெப்டோஸ்பைரா கிருமி, காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகவும் உடம்புக்குள் போகும். அதுவே எலிக்காய்ச்சல். மழைக்காலத்தில்தான் அதிகம். வலை பதிக்கும் வேலையைக் கோடையில் வைத்துக்கொண்டால் தோண்டவும் சுலபம், இந்தக் கவலையும் குறைவு. ரப்பர் கையுறை, பூட்ஸ் எப்படியும் வேண்டும்.

● மூஞ்சூறு எலி இனமே அல்ல. நீண்ட மூக்கு, கண்ணிருக்கிறதா என்று தேட வைக்கும் சின்னக் கண், விலாப்புறச் சுரப்பியிலிருந்து வரும் அந்த நாற்றம். கரப்பானையும் பூச்சியையும் தின்றுவிட்டு ஓரமாகப் போகும். எலி என்று நினைத்து இதற்குப் பொறி வைத்தால் தோட்டத்துக் கரப்பான்கள் உங்களுக்கு நன்றி சொல்லும். முயலும் கொறிக்கும், ஆனால் எலிக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. முள்ளம்பன்றியோ பெயரில் மட்டும் பன்றி, எலிக்கு உறவு. வளையும் பறிக்கும். மலையடிவாரத் தோட்டக்காரர்கள் கவனிக்க: அதைத் தொந்தரவு செய்வதற்கு வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும்.

● கோழித்தீனியை இரவில் கூட்டிலேயே விடுகிறீர்களா? தென்னம்பிள்ளை நட்டு, அதன் பக்கத்திலேயே சமையற்கழிவுக் குழி வைத்திருக்கிறீர்களா? பெருச்சாளி கழிவுக்கு வந்து, கன்றின் அடிக்குருத்தையும் ருசி பார்த்துவிட்டுப் போகும். தீனியை மூடியுள்ள தகர டின்னில் போட்டு, உரக்குழியின் அடியிலும் பக்கங்களிலும் மிச்சமான வலையை விரித்துவிடுங்கள். வலை வாங்கும்போதே இதற்கும் இரண்டு மீட்டர் சேர்த்து வாங்குவது நல்லது; கடைக்காரர் பிறகு அதே கண்ணில் கொடுப்பார் என்று சொல்ல முடியாது.